ஒரு நாளைக்கு 6 பென்னி: 1415-ல் ஒரு சம்பளப் படை திரண்ட கணக்கு

1415-ல் பிரான்ஸ் மீது படையெடுக்க முடிவு செய்தபோது இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியிடம் நிரந்தரப் படை கிடையாது. பிரெஞ்சுக் கரையில் ஆங்கிலேயர் வசமிருந்த கலே போன்ற சில கோட்டைகளின் காவலர்களையும் அரண்மனை ஆட்களையும் விட்டால், சம்பளப் பட்டியலில் சிப்பாய் என்று சொல்ல ஆளில்லை. ஏப்ரல் நடுவில் வெஸ்ட்மின்ஸ்டரில் பிரபுக்களைக் கூட்டிச் சம்பள விகிதத்தை அறிவித்தார். ஆகஸ்ட் 11-ஆம் தேதி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடும் அவர்களின் குதிரைகளோடும் சௌதாம்ப்டன் பக்கத்திலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. இடையில் முழுதாக நான்கு மாதம்கூட இல்லை.

இத்தனை வேகத்தில் ஆள் சேர்ந்ததற்குக் காரணம் ஒப்பந்தமும் முன்பணமும்தான். பழைய நிலமானிய முறையில் நிலம் பெற்றவர் ஆண்டுக்கு 40 நாள் மன்னருக்காகப் போருக்கு வரவேண்டும். நாள் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். கடல் தாண்டிப் போய் மாதக்கணக்கில் கோட்டை முற்றுகையிட அது உதவாது. அதனால் 14-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து மன்னர்கள் கூலிக்கு ஆள் எடுக்கும் முறைக்கு மாறியிருந்தார்கள். 1415-ல் அந்த முறை நன்றாகப் பழகித் தேறியிருந்தது. அந்த ஆண்டின் ஒப்பந்தங்களும் பட்டியல்களும் ஏராளமாக மிஞ்சியிருப்பதால், பணம் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்பதைப் பென்னி வரை பின்தொடர முடிகிறது. இடைக்காலப் படையைப் புரிந்துகொள்ள வாளையும் கேடயத்தையும் விட அந்தக் கணக்கு நல்ல வழிகாட்டி.

படையில் யார் யார்

அடிப்படையில் இரண்டே வகை வீரர்கள். ஒருவர் கவசவீரர்: தலை முதல் கால் வரை இரும்புத் தகட்டுக் கவசம், நல்ல குதிரை, உதவிக்கு ஓர் எடுபிடி. குதிரையில் வந்தாலும் பெரும்பாலும் இறங்கி நின்றே போர் செய்வார். இன்னொருவர் வில்லாளி: ஆளுயர நீள்வில், குத்துவாள், இலேசான காப்பு. ஒரு கவசவீரருக்கு மூன்று வில்லாளி என்பது அப்போது பொதுவான விகிதம்.

இவர்களை மன்னர் நேரடியாக வேலைக்கு எடுக்கவில்லை. பிரபுக்களோடும், நைட் என்ற வீரப்பட்டம் பெற்றவர்களோடும் ஒப்பந்தம் போட்டார். அவர்கள் ஆளைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கொண்டுவரும் மொத்த ஆட்கள் ஓர் அணி, அவர் அணித்தலைவர். அணிகள் ஒரே அளவில் இருக்கவில்லை. மன்னரின் தம்பி கிளாரன்ஸ் கோமகன் 240 கவசவீரர்களுக்கும் 720 வில்லாளிகளுக்கும் ஒப்பந்தமிட்டார். இன்னொரு தம்பி குளோஸ்டர் கோமகனின் அணியில் 200, 600. முதிய நைட் சர் தாமஸ் எர்பிங்கத்தின் அணியில் 20, 60. தன்னையும் மூன்று வில்லாளிகளையும் மட்டும் கொண்டுவந்த சிறு தலைவர்களும் இருந்தார்கள். எங்கும் அந்த ஒன்றுக்கு மூன்று விகிதத்தைக் கவனியுங்கள்.

பெரிய பிரபு இத்தனை பேரையும் தன் வீட்டில் வைத்திருக்கவில்லை. அவர் தனக்குக் கீழே சிறு தலைவர்களோடு உள்ஒப்பந்தம் போட்டார்; அவர்கள் தங்களுக்குக் கீழே போட்டார்கள். கட்டட வேலையில் மேஸ்திரிக்குக் கீழே மேஸ்திரி வருவது போலத்தான். கடைசி வில்லாளியை மன்னருக்கு யாரென்றே தெரியாது. பெயர்ப்பட்டியலில் மட்டும் அவன் இருப்பான்.

இந்த அணிகளுக்கு வெளியே லங்காஷயரிலிருந்து 500 வில்லாளிகள், ஐம்பது ஐம்பதாகப் பத்துத் தலைவர்களின் கீழ் வந்தார்கள். தெற்கு வேல்ஸிலிருந்தும் வில்லாளிக் கூட்டம் வந்தது. சுரங்கம் தோண்டுவோர், பீரங்கிக்காரர்கள், தச்சர்கள், கொல்லர்கள் தனி. மன்னரின் அறுவை மருத்துவர் தாமஸ் மோர்ஸ்டீடு தன் தொழிலில் தேர்ந்த 12 பேரைக் கொண்டுவர ஒப்பந்தமிட்டார். அவர் ஒப்பந்தமும் போர்வீரர்களுடைய ஒப்பந்தத்தின் வடிவத்திலேயே இருந்தது.

பல் வெட்டிய தோல்

ஒப்பந்தம் எழுதும் விதம் இதுதான். ஒரே தோல்தாளில் ஒரே வாசகத்தை மேலும் கீழுமாக இரண்டு முறை எழுதுவார்கள். நடுவே நேராக வெட்டாமல் அலையலையாக, ரம்பப்பல் போல வெட்டுவார்கள். ஒரு பாதி மன்னரின் கருவூலத்துக்கு, மறுபாதி அணித்தலைவருக்கு. மன்னரிடம் இருக்கும் பாதியில் தலைவரின் முத்திரை தொங்கும், தலைவரிடம் இருப்பதில் மன்னரின் முத்திரை. பின்னாளில் யாராவது “எழுதியது இதுவல்ல” என்று தகராறு செய்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். பல்லோடு பல் பொருந்தினால் அசல், பொருந்தாவிட்டால் போலி.

பல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து இந்த ஆவணத்துக்கு இண்டென்சர் என்று பெயர் வந்தது. நம் அரசு அலுவலகங்களில் பொருள் கேட்டு ‘இண்டென்ட் போடுவது’ இதே சொல்லின் வழித்தோன்றல். நம்மவர்களை நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் மொரீஷியஸுக்கும் கொண்டுபோன ஒப்பந்தக் கூலி முறைக்கும் ஆங்கிலத்தில் இந்தப் பெயர்தான்.

1415-க்கான ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஏப்ரல் 29 தேதியிட்டவை. சேவைக் காலம் ஓராண்டு. படை எங்கே போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை: தென்மேற்கே இங்கிலாந்து மன்னரின் வசமிருந்த குயேன் பகுதிக்குப் போனால் ஒரு சம்பளம், பிரான்சுக்குப் போனால் இன்னொரு சம்பளம் என்று இரண்டையும் எழுதி வைத்தார்கள். உளவாளிகளிடமிருந்து இலக்கை மறைக்க ஒப்பந்தத்தையே பயன்படுத்திய நல்ல ஏற்பாடு அது.

சம்பள விகிதம்

முதலில் நாணயக் கணக்கு. 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்னி, அதாவது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. பவுண்டும் மார்க்கும் கணக்கில் மட்டும் உண்டு. அந்த மதிப்பில் நாணயம் கிடையாது. கையில் வாங்குவது பொன் நோபிள், வெள்ளிக் குரோட், வெள்ளிப் பென்னி. ஒரு நோபிளுக்கு 80 பென்னி, ஒரு குரோட்டுக்கு 4 பென்னி.

பிரான்சில் போர் என்றால் நாள் ஒன்றுக்குக் கோமகனுக்கு 13 ஷில்லிங் 4 பென்னி, ஏர்ல் பட்டமுள்ளவருக்கு 6 ஷில்லிங் 8 பென்னி, பாரனுக்கு 4 ஷில்லிங், நைட்டுக்கு 2 ஷில்லிங், சாதாரணக் கவசவீரருக்கு 1 ஷில்லிங், வில்லாளிக்கு 6 பென்னி. வேலைக்கேற்ற கூலி என்று இதைச் சொல்ல முடியாது, பட்டத்துக்கேற்ற கூலி. ஒரு கோமகனின் நாட்சம்பளத்தில் 26 வில்லாளிகளுக்குக் கூலி கொடுத்துவிடலாம், மிச்சமும் இருக்கும்.

ஆனாலும் 6 பென்னி குறைந்த கூலி அல்ல. தேர்ந்த தச்சருக்கு நாளைக்கு 4, 5 பென்னி கிடைத்த காலம் அது. தச்சருக்கு மழை பெய்தால் கூலி இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை, திருவிழா நாளில் இல்லை. வில்லாளிக்கு எல்லா நாளும் கணக்கு ஓடும். ஓராண்டு முழுதும் கிடைத்தால் 9 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்னி. சிறு விவசாயி வீட்டு இளைய மகனுக்கு இது பெரிய தொகை. ஆள் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

நாட்சம்பளத்துக்கு மேல் ‘ரிகார்ட்’ என்ற ஊக்கத்தொகை இருந்தது. 30 கவசவீரர்களுக்கு ஒரு காலாண்டுக்கு 100 மார்க். வில்லாளிகளைச் சேர்த்து எண்ணுவதில்லை. முன்பெல்லாம் போருக்குப் போகும் ஒவ்வொரு குதிரையையும் மதிப்பிட்டு எழுதி வைத்து, செத்தால் மன்னர் இழப்பீடு கொடுப்பார். சோனிக் குதிரைக்கு உயர்ந்த மதிப்பு எழுதிக்கொள்வதும், செத்ததாகக் கணக்குக் காட்டுவதும் முடிவில்லாத வழக்குகளாயின. அந்த இழப்பீட்டை 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைவிட்டார்கள். அதன்பின் குதிரை செத்தாலும் கவசம் உடைந்தாலும் அணித்தலைவர் பாடு; அதை ஈடுகட்ட உதவியது இந்த ரிகார்ட்தான். தொகை தலைவர் கைக்குப் போகும். அதை எவ்வளவு கீழே இறக்குவது என்பது அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் இடையிலான பேச்சு.

ஒரு சிறு அணியின் கணக்கு

ஒரு நைட், அவரோடு 9 கவசவீரர்கள், 30 வில்லாளிகள் என்று ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். நைட்டுக்கு 24 பென்னி. ஒன்பது பேருக்கு 108. முப்பது வில்லாளிகளுக்கு 180. நாளொன்றுக்கு மொத்தம் 312 பென்னி, அதாவது 1 பவுண்டு 6 ஷில்லிங்.

காலாண்டு 91 நாள். சம்பளம் 118 பவுண்டு 6 ஷில்லிங். ரிகார்ட் 100 மார்க்கில் மூன்றிலொரு பங்கு: 22 பவுண்டு 4 ஷில்லிங் 5 பென்னியும் சில்லறையும். இரண்டும் சேர்த்து 140 பவுண்டைத் தாண்டுகிறது. நாற்பது பேர் கொண்ட இந்தச் சின்ன அணிக்கே காலாண்டுக்கு இவ்வளவு. படையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் என்பதை நினைத்துக்கொண்டால், மன்னர் ஏன் ஊரெல்லாம் கடன் கேட்டார் என்பது புரியும். லண்டன் நகரம் மட்டும் 10,000 மார்க் கடன் கொடுத்தது. ஈடாக மன்னரின் பொன் கழுத்தணியை வாங்கி வைத்துக்கொண்டது.

பணம் எப்போது வந்தது

ஒப்பந்தத்தில் முத்திரை விழுந்ததும் முதல் காலாண்டுச் சம்பளத்தில் பாதி. மேலே சொன்ன நைட்டுக்கு அது 59 பவுண்டு 3 ஷில்லிங். மீதிப் பாதி, ஆட்களோடு கடற்கரைக்கு வந்து எண்ணிக்கை கொடுக்கும்போது. இந்த முன்பணம் இல்லாமல் எதுவும் நகராது. அணித்தலைவர் இதை வைத்துத்தான் தன் ஆட்களுக்கு அட்வான்ஸ் கொடுப்பார், கூடாரம் வாங்குவார், வண்டி பிடிப்பார்.

ஒரு வில்லாளியின் கையில் என்ன விழுந்திருக்கும்? காலாண்டுக்கு 546 பென்னி. அதில் பாதி 273. மூன்று பொன் நோபிள், எட்டு வெள்ளிக் குரோட், ஒரு பென்னி. இவ்வளவையும் ஓர் உள்ளங்கையில் மூடிவிடலாம். வில் நாண், செருப்பு, போர்வை, குதிரை இல்லாவிட்டால் அதற்கான செலவு எல்லாம் அதிலிருந்து.

இரண்டாம் காலாண்டுக்கு மன்னரிடம் ரொக்கம் இல்லை. அதனால் நகையை அடகு வைத்தார். ஜூன் 1-க்குள் அணித்தலைவர்களுக்கு அரச கருவூலத்திலிருந்து பொன், வெள்ளி, மணி பதித்த பொருட்கள் கொடுக்கப்படும்; ஒன்றரை ஆண்டும் ஒரு மாதமும் கழிவதற்குள் மன்னர் பணம் கொடுத்து மீட்கவேண்டும்; மீட்காவிட்டால் தலைவர் அதை விற்கலாம், வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் காலாண்டுச் சம்பளம் அந்தக் காலாண்டு தொடங்கி ஆறு வாரத்துக்குள். நான்காவதற்கு மூன்றாம் காலாண்டின் பாதிக்குள் மன்னர் உத்தரவாதம் தராவிட்டால், அது முடிந்ததும் தலைவருக்கு விடுதலை. சம்பளம் நின்றால் கடமையும் நிற்கும் என்பதை மன்னரே முத்திரையிட்டு ஒப்புக்கொண்டதுதான் இந்தப் படையின் தொழில்முறைத் தன்மைக்கு என் கண்ணில் மிகத் தெளிவான அடையாளம்.

அடகுப் பொருட்களில் பெரியது ‘ஹென்றியின் மகுடம்’ எனப்பட்ட மகுடம். அது கிளாரன்ஸ் கோமகனுக்குப் போனது. அவருக்குக் கீழே இருந்த தலைவர்களுக்கும் ஈடு வேண்டுமே. மகுடத்தைப் பிரித்துப் பாகம் பாகமாகக் கொடுத்தார்கள். சில பாகங்கள் அடுத்த மன்னர் ஆறாம் ஹென்றியின் காலத்தில்தான் மீட்கப்பட்டன. மகுடத்தின் ஒரு துண்டை வைத்துக்கொண்டு வில்லாளிக்கு ரொட்டி வாங்கிக் கொடுக்க முடியாது. விற்கவும் கெடு முடியும் வரை அனுமதியில்லை. ஆக இரண்டாம் காலாண்டில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்த தலைவர் எவரும் தன் சொந்தப் பணத்தைப் போட்டோ, கடன் வாங்கியோதான் கொடுத்தார். போருக்கு மன்னருக்குக் கடன் கொடுத்தவர்களில் லண்டன் வணிகர்களை எல்லோரும் சொல்வார்கள். அணித்தலைவர்களையும் அந்த வரிசையில் சேர்க்கவேண்டும்.

மஸ்டர் ரோல்

நூறுநாள் வேலைத் திட்டத்தால் மஸ்டர் ரோல் என்ற சொல் இன்று கிராமங்களில் எல்லோருக்கும் தெரியும். இங்கே பேசுவதும் அதேதான். சௌதாம்ப்டன் சுற்றுப்புறத் திடல்களில் அணிகள் வந்து நிற்க, மன்னரின் அலுவலர்கள் நீளத் தோல்சுருளில் உள்ள பெயர்களை வாசிப்பார்கள். முதலில் கவசவீரர்கள், பிறகு வில்லாளிகள். ஆள் முன்னே வந்து நின்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. இல்லாவிட்டால் அடித்தல். ஆளோடு குதிரையையும் ஆயுதத்தையும் பார்ப்பார்கள்.

இங்கேதான் தில்லுமுல்லு நடக்கும். வரிசையில் நிற்க அன்றைக்கு மட்டும் யாரையாவது கூட்டி வருவது. பக்கத்து அணியில் எண்ணி முடித்த ஆளை இங்கேயும் நிறுத்துவது. கவசவீரர் சம்பளத்துக்குக் கவசம் இல்லாத ஆளைக் காட்டுவது. வில் வளைக்கவே தெம்பில்லாத பையனை வில்லாளி என்று எழுதுவது. ஒரு வில்லாளி குறைந்தால் தலைவருக்கு ஓராண்டில் 9 பவுண்டு மிச்சம் என்பதால் ஆசை வராமல் இருக்காது. இதனால்தான் பெயரோடு பட்டியல் கேட்டார்கள். வெறும் எண்ணிக்கையை ஏற்கவில்லை.

ஒப்பந்தத்தில் பெயர் கொடுத்தவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அவர் கடல்கடந்து இருக்கும் வரை அவர்மேல் யாரும் வழக்குத் தொடுக்க முடியாதபடி அரசு பாதுகாப்புக் கடிதம் தரும். கடன்காரனிடமிருந்து தப்பக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போருக்கே போகாமல் ஊரில் சுற்றியவர்களும் உண்டு. கண்டுபிடித்தால் கடிதம் ரத்து.

சாப்பாடும் குதிரையும்

கூலியில் சாப்பாடு அடக்கம். மன்னர் உணவு இலவசமாகத் தரமாட்டார்; விற்பவர்கள் வரும்படி ஏற்பாடு செய்வார். ஹாம்ப்ஷயர் பகுதி மக்கள் படைக்காக ரொட்டி சுடவும் பீர் காய்ச்சவும் மே மாதமே உத்தரவு போனது. கப்பலேறும் முன் எல்லோரும் மூன்று மாதத்துக்கான உணவை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அறிவித்தார்கள். போகவர கப்பல் செலவு மன்னருடையது. குதிரைக்கும் வரம்பு உண்டு: கோமகனுக்கு 50, ஏர்லுக்கு 24, பாரனுக்கு 16, நைட்டுக்கு 6, சாதாரணக் கவசவீரருக்கு 4, வில்லாளிக்கு ஒன்று. அதற்கு மேல் கொண்டுபோனால் கப்பலில் இடமில்லை.

91-ஆம் நாளும் 110-ஆம் நாளும்

சம்பளக் கணக்கு ஜூலை 8-ல் தொடங்குகிறது. கப்பல் கிடைக்கத் தாமதமாகி ஒரு மாதத்துக்கு மேல் கரையிலேயே போனது, அந்த நாட்களுக்கும் கூலி உண்டு. ஆகஸ்ட் நடுவில் நார்மண்டிக் கரையில் இறங்கி ஹார்ஃப்ளர் துறைமுகத்தை முற்றுகையிட்டார்கள். செப்டம்பர் 22-ல் ஊர் சரணடைந்தது. அதற்குள் முகாமில் வயிற்றுக்கடுப்பு பரவிவிட்டது. சஃபோக் ஏர்ல் அதில் இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயாளிகளாக ஊர் திரும்ப அனுமதி பெற்றார்கள். பிடித்த ஊரைக் காக்க 300 கவசவீரர்களையும் 900 வில்லாளிகளையும் விட்டுவைத்தார்கள்.

ஜூலை 8 முதல் எண்ணினால் 91-ஆம் நாள் அக்டோபர் 6. ரொக்கமாக வாங்கிய காலாண்டு அன்றோடு முடிந்தது. படை ஹார்ஃப்ளரை விட்டுக் கலே நோக்கிக் கிளம்பியதும் ஏறக்குறைய அதே சமயம்தான், எட்டு நாள் உணவோடு. எட்டு நாள் என்று நினைத்த பயணம் மூன்று வாரமாயிற்று. சோம் ஆற்றைக் கடக்க இடம் தேடி அலைந்து, அக்டோபர் 25-ல் அஜின்கோர்ட்டில் பிரெஞ்சுப் படையை எதிர்கொண்டார்கள். கணக்கில் அது 110-ஆம் நாள். அன்று வில்லைப் பிடித்து நின்ற ஒவ்வொருவனுடைய கூலிக்கும் மன்னர் தந்திருந்த ஈடு, அவன் கண்ணால்கூடப் பார்த்திராத ஏதோ ஒரு நகைதான்.

நவம்பர் 16-ல் மன்னர் டோவரில் இறங்கினார். வீடு திரும்ப எட்டு நாள் சேர்த்து, நவம்பர் 24 வரை சம்பளம் என்று கணக்கை மூடினார்கள். மொத்தம் 140 நாள்.

கணக்கு முடிக்கும் பாடு

கொடுக்கவேண்டியது 140 நாளுக்கு என்று சொல்வது சுலபம். யாருக்கு என்பதில்தான் சிக்கல். முற்றுகையில் இறந்தவனுக்கு எந்த நாள் வரை? நோயாளியாகத் திரும்பியவனுக்கு? ஹார்ஃப்ளரில் காவலுக்கு நின்றவனை அணியின் கணக்கில் எழுதுவதா, கோட்டையின் கணக்கிலா? இறந்தவன் இடத்தில் தலைவர் வேறொருவனைப் பிடித்திருந்தால் அவனுக்கு எப்போதிலிருந்து? ஒவ்வோர் அணித்தலைவரும் பெயர் பெயராக எழுதிக் கொடுத்தார்: இவன் இறந்தான், இவன் நோயில் திரும்பினான், இவன் ஹார்ஃப்ளரில், இவன் போரில் இருந்தான். கருவூலக் கணக்கர்கள் இதை முதல் மஸ்டர் ரோலோடு ஒப்பிட்டு, முன்பு கொடுத்ததையும் நகையின் மதிப்பையும் கழித்தார்கள். தீராத கேள்விகள் மன்னர் வரைக்கும் போய்ப் பதில் வாங்கப்பட்டன. ஒரு தலைவருக்குரிய தாள்கள் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டி வைக்கப்பட்டன. அஜின்கோர்ட்டில் இன்னார் இன்னார் இருந்தார் என்று இன்று பெயர் சொல்ல முடிவது கணக்கர்களின் இந்தப் பிடிவாதத்தால்தான். நாளாக நாளாகத் தலைவர்கள் இறந்தார்கள். வாரிசுகள் பாக்கியைக் கேட்டு வந்தார்கள். அடுத்த மன்னரின் ஆட்சியிலும் அந்தப் பைகள் திறந்து மூடப்பட்டுக்கொண்டிருந்தன.

சம்பளத்துக்கு வெளியே வரும் வருமானத்துக்கும் விதி இருந்தது. கொள்ளையிலும் பணயக்கைதியின் மீட்புப்பணத்திலும் மூன்றிலொரு பங்கு மேலே போகவேண்டும். ஒரு வில்லாளி பிடித்த கைதிக்கு 90 பவுண்டு மீட்புப்பணம் கிடைத்தால், 30 பவுண்டு அணித்தலைவருக்கு. அந்த முப்பதில் 10 மன்னருக்கு. வில்லாளிக்கு 60. தலைவர் தானே பிடித்தால் அதில் மூன்றிலொன்று நேரே மன்னருக்கு. எதிரி மன்னரோ அவர் மகனோ தளபதியோ சிக்கினால் கைதியை மன்னரிடமே ஒப்படைக்கவேண்டும். பிடித்தவருக்குத் தகுந்த வெகுமதி. பத்தாண்டுக் கூலியை ஒரே நாளில் தரக்கூடிய இந்தப் பரிசுச்சீட்டுக்காகவே பலர் தாமதமான சம்பளத்தைப் பொறுத்துக்கொண்டார்கள்.

நார்மண்டியும் பிரெஞ்சுப் பதிலும்

1417-ல் ஹென்றி மீண்டும் கடல் கடந்து, நார்மண்டியை ஏறக்குறைய முழுவதுமாகப் பிடித்தார். அதன்பின் 1450 வரை அங்கே கோட்டைக்குக் கோட்டை ஆங்கிலக் காவல்படை. அங்கே முறை இன்னும் இறுகியது. ஒவ்வொரு கோட்டையிலும் தலைவருக்கு அடங்காத ஒரு கணக்கு மேற்பார்வையாளர் அமர்த்தப்பட்டார். யார் எத்தனை நாள் விடுப்பில் போனார், யார் என்ன கொள்ளை கொண்டுவந்தார் என்று அவர் தனியாக எழுதி வைப்பார். தலைவரின் பட்டியலும் அவருடைய பட்டியலும் ஒத்துப்போனால்தான் பணம்.

அப்படியும் ஒழுகல் நிற்கவில்லை. 1439-ல் நாடாளுமன்றம் இரண்டு பக்கமும் சட்டம் போட்டது. கூலி வாங்கிவிட்டு ஓடிப்போகும் வீரன் கடுங்குற்றவாளி. வீரனின் கூலியில் கைவைக்கும் தலைவர், கவசவீரன் ஒருவனுக்கு 20 பவுண்டு, வில்லாளி ஒருவனுக்கு 10 பவுண்டு அபராதம் கட்டவேண்டும். உடைக்காக மட்டும் பிடித்துக்கொள்ளலாம்: கனவான் என்றால் 10 ஷில்லிங், சாதாரண ஆள் என்றால் 6 ஷில்லிங் 8 பென்னி. ஒரு வில்லாளியின் ஓராண்டுக் கூலியை விட அபராதம் அதிகம் என்பதைப் பார்த்தால், கூலிப்பிடித்தம் எவ்வளவு பரவியிருந்தது என்று ஊகிக்கலாம்.

எதிர்ப்பக்கம் பிரெஞ்சு மன்னர் ஏழாம் சார்ல்ஸ் வேறு வழியில் போனார். போர் ஓய்ந்தால் கூலி நின்று, வேலையற்ற வீரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிராமங்களைச் சூறையாடுவது பிரான்சின் தீராத துன்பம். 1445-ல் அவர்களில் தேர்ந்தவர்களைப் பொறுக்கி நிரந்தரமாக வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கலைத்தார். நூறு ‘லான்ஸ்’ கொண்ட 15 அணிகள். ஒரு லான்ஸ் என்பது ஆறு பேர், ஆறு குதிரை: கவசவீரர், அவருடைய துணைவீரர், சிறுவயது எடுபிடி, இரண்டு வில்லாளிகள், ஒரு வேலையாள். கவசவீரர் பங்குக்கு மாதம் 15 லீவ்ர் (பிரெஞ்சுப் பணக் கணக்கு), வில்லாளி ஒவ்வொருவருக்கும் ஏழரை, மொத்தம் 30. பெருக்கிப் பாருங்கள்: 1,500 லான்ஸுக்கு மாதம் 45,000 லீவ்ர், போர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதற்காகவே ‘தாய்’ (taille) என்ற நேரடி வரி ஆண்டுதோறும் வசூலிக்கப்பட்டது. தலைவர்களை நியமிக்கும் உரிமை மன்னருக்கு மட்டும். இங்கிலாந்து முறையில் படை ஓர் ஒப்பந்தக் காலத்துக்கு வாழும். பிரெஞ்சு முறையில் வரி வரும் வரை வாழும்.

1449-ல் சார்ல்ஸ் நார்மண்டிக்குள் நுழைந்தபோது ஆங்கிலக் கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைத் திறந்தன. மீட்கப் போகவேண்டிய சர் தாமஸ் கிரியலின் படை போர்ட்ஸ்மத்தில் கூலி வராமல் காத்துக்கிடந்தது. சிசெஸ்டர் ஆயர் ஆடம் மோலின்ஸ் பணத்தோடு அங்கே போனார். பாக்கி பற்றித் தகராறு மூண்டு, 1450 ஜனவரி 9-ல் வீரர்களும் மாலுமிகளும் அவரைக் கொன்றார்கள். படை மார்ச் நடுவில்தான் செர்பூர்க்கில் இறங்கியது. ஏப்ரல் 15-ல் ஃபோர்மின்யியில், மாதச் சம்பளம் வாங்கும் பிரெஞ்சு லான்ஸ் அணிகள் அதைச் சிதறடித்தன. ஆகஸ்டில் செர்பூர்க்கும் போனது.